கட்டுரையாளர் தாண்டிப்போன ஐந்து மணி நேரம்

சென்ற இதழில் யு-852 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைப் பற்றி வந்த கட்டுரை, அதன் தளபதி ஹைன்ஸ்-வில்ஹெல்ம் எக்கை ஒரு துயர நாயகனாக நிறுத்துகிறது. 1944 ஜனவரியில் கீல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, மே மாதம் சோமாலியக் கரையில் தரைதட்டியது, 1945 நவம்பரில் லூனபுர்க் பொட்டலில் துப்பாக்கிகளுக்கு முன் நின்றது என எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக விவரிக்கிறார் கட்டுரையாளர். மார்ச் 13 இரவுக்கு மட்டும் அவர் ஒதுக்கியது இரண்டே வரி. மூழ்கடித்த கப்பலின் மிதக்கும் சிதைவுகளை எக் அழிக்க வேண்டியதாயிற்று, அந்த முயற்சியில் சிலர் உயிரிழக்க நேரிட்டது என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்.

அந்த இரண்டு வரியின் மேல்தான் மொத்தக் கட்டுரையும் நிற்கிறது. சிதைவுகளைத்தான் அழித்தார் என்று நம்பினால்தான் எக் மீது இரக்கம் வரும். மனிதர்கள் செத்தது பக்கவிளைவு என்று நம்பினால்தான் அவருக்குக் கிடைத்த தண்டனை அநியாயமாகத் தோன்றும். அதனால் அந்த இரவில் நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெலியஸ் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பல். பிரிட்டிஷ் போர்ப் போக்குவரத்து அமைச்சகம் அதை வாடகைக்கு எடுத்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனிலிருந்து தென்னமெரிக்காவுக்குச் சரக்கில்லாமல் வெறுங்கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. கிரேக்கர், பிரிட்டிஷார், சீனர், எகிப்தியர் என்று பல தேசத்துக் கடலோடிகள் அதில் வேலை பார்த்தார்கள். 35 பேருக்குக் குறையாது. பொழுது சாய்ந்த நேரத்தில் யு-852 ஏவிய இரண்டு டார்பிடோக்கள் தாக்கின. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் மிதவைகளையும் மரத்துண்டுகளையும் பற்றிக்கொண்டு இருட்டில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதுவரைக்கும் எக் மீது எனக்கு வழக்கு இல்லை. போரில் எதிரிக்கு ஓடும் கப்பலை மூழ்கடிப்பது அந்தப் போரில் எல்லா நாட்டு நீர்மூழ்கிகளும் செய்த வேலை. நீதிமன்றமும் பெலியஸை மூழ்கடித்ததற்காக அவரைத் தண்டிக்கவில்லை.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். நீர்மூழ்கி மிதவைகளுக்கு அருகில் வந்தது. பெலியஸின் மூன்றாம் அதிகாரி அகிஸ் கெஃபாலாஸையும் இன்னொரு மாலுமியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கப்பலின் பெயர் என்ன, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, பின்னால் வேறு கப்பல் வருகிறதா என்று கேட்டார்கள். வேண்டியதைத் தெரிந்துகொண்டு மிதவைக்கே திருப்பி அனுப்பினார்கள். சிறிது தூரம் விலகிப்போன நீர்மூழ்கியின் மேல்தளத்துக்கு இயந்திரத் துப்பாக்கிகளும் கையெறி குண்டுகளும் கொண்டுவரப்பட்டன. பிறகு அது திரும்பி வந்தது. சமிக்ஞை விளக்கின் வெளிச்சத்தில் மிதவைகளைத் தேடித் தேடிச் சுட்டார்கள். கையெறி குண்டுகளை வீசினார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை இது நீடித்தது. டார்பிடோ தாக்கியதிலிருந்து கணக்கிட்டால் ஐந்து மணி நேரம்.

ஆகவே மிதவைகளில் ஆள் இருக்கிறார்களா என்பது எக்குக்குத் தெரியாமல் இல்லை. அவர்களில் இருவரோடு அவருடைய ஆட்கள் பேசியே இருக்கிறார்கள். மிதவைகள் போய்விட்டால் பிழைத்தவர்களுக்கு உயிர் தப்ப வழியே இல்லை என்பது தனக்குத் தெரிந்திருந்தது என்று எக் நீதிமன்றத்தில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டதை எண்பது வருஷத்துக்குப் பிறகு நம் கட்டுரையாளர் மறுத்து எழுதுகிறார். சிதைவு என்ற சொல்லுக்குள் உயிருள்ள மனிதர்களை ஒளித்துவைக்கிறார்.

கையெறி குண்டைப் பற்றிக் கட்டுரை ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஏன் என்று புரிகிறது. கையெறி குண்டு சிதறும் துண்டுகளால் மனிதர்களைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டது. மிதந்து நிற்பதற்கென்றே கட்டப்பட்ட மிதவையை அது மூழ்கடிக்காது. மிதவையை அழிப்பதுதான் நோக்கம் என்றால், அதன் மேல் உட்கார்ந்திருப்பவரைக் கிழிக்கும் ஆயுதம் எதற்கு? முதன்மை அதிகாரி அந்தோனியோஸ் லியோசிஸின் உடம்பில் பாய்ந்தவை அந்தக் குண்டின் துண்டுகள்தான்.

மிதவைகளும் மூழ்கவில்லை. ஐந்து மணி நேரம் சுட்ட பிறகும் அவை மிதந்தன. காயம்பட்ட கெஃபாலாஸ் 25 நாள் வேதனைப்பட்டு மிதவையிலேயே இறந்துபோனார். லியோசிஸ், திமித்ரியோஸ் அர்கிரோஸ், ரோக்கோ சையித் ஆகிய மூவரையும் ஏப்ரல் 20ஆம் தேதி அலெசாந்த்ரே சில்வா என்ற போர்த்துகீசியக் கப்பல் காப்பாற்றியது. 38 நாள் அந்த மூவரும் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடந்தார்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. எக்கின் பிறந்த ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது, அவர் முகத்தின் வர்ணனை இருக்கிறது. அவரால் செத்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் பெயர் கிடையாது.

இனி, ராணுவத் தேவை என்ற வாதத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் சொல்வது இது. அசென்ஷன் தீவில் அமெரிக்க விமானதளம் இருந்தது. யு-852 போன்ற பெரிய, மெதுவாக முங்கும் நீர்மூழ்கிகள் அதற்கு முந்தைய மாதங்களில் வரிசையாக அழிந்திருந்தன. காலையில் விமானம் வந்து சிதைவுகளைப் பார்த்தால் வேட்டை தொடங்கிவிடும். தன் ஆட்களின் உயிரைக் காப்பாற்ற எக்குக்கு வேறு வழியில்லை.

இதில் பாதி உண்மை. அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதே வகையைச் சேர்ந்த யு-847 1943 ஆகஸ்டிலும், யு-848, யு-849 இரண்டும் நவம்பரிலும், யு-850 டிசம்பரிலும் அட்லாண்டிக்கில் விமானங்களால் அழிக்கப்பட்டன. யு-848 மூழ்கியது அசென்ஷன் பக்கத்தில்தான். கிளம்புவதற்கு முன் இதைப் பற்றி எக்கை எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். நீர்மூழ்கித் தளபதியாக அவருக்கு இதுதான் முதல் பயணம். வயது 27. பயம் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பயந்தவன் என்ன செய்வான்? ஓடுவான். அந்த வகை நீர்மூழ்கி கடல்மேல் மணிக்கு 19 கடல் மைல் வரை போகும். ஐந்து மணி நேரத்தில் தொண்ணூறு கடல் மைலுக்கு அப்பால் போயிருக்கலாம். நிதானமான வேகத்தில் போயிருந்தால்கூட விடிவதற்குள் தேடுகிறவர்கள் ஒரு பெரிய வட்டத்தைச் சல்லடை போட வேண்டியிருந்திருக்கும். எக் அந்த ஐந்து மணி நேரத்தை எங்கே செலவிட்டார்? எந்த இடத்தைக் கண்டு பயந்தாரோ அதே இடத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கி ஒளி பளிச்சிட, சுற்றிச் சுற்றி வந்தார். தப்பிக்கும் அவசரத்தில் இருந்தவர் செய்கிற காரியமா இது? ராணுவத் தேவை என்ற வாதம் எக்கின் செயலாலேயே உடைந்துபோகிறது. அதை உடைக்க வெளியிலிருந்து யாரும் வரத் தேவையில்லை.

இதற்கு இன்னொரு அத்தாட்சி அவர் கையாலேயே எழுதப்பட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் கேப் முனைக்கு அருகில் யு-852 டஹோமியன் என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. அங்கே மிதவைகளை அழிக்கவில்லை. துப்பாக்கி எடுக்கவில்லை. உடனே விலகிப் போய்விட்டார் எக். அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கரை சேர்ந்தார்கள். கரைக்கு அவ்வளவு பக்கத்தில், விமானங்களுக்கும் போர்க்கப்பல்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில், சிதைவுகளை விட்டுவிட்டு ஓடியதுதான் பாதுகாப்பு என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. நடுக்கடலில் மட்டும் அது ஏன் தோன்றவில்லை? டஹோமியன் கட்டுரையில் யு-852இன் வெற்றிக் கணக்கில் ஒரு எண்ணாக வருகிறது. அது எக்குக்கு எதிரான சாட்சி என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டு மறைத்தார். இரண்டில் எது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்தில் எக்குக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல வந்தவர் அடல்பெர்ட் ஷ்னே. பெயர்பெற்ற நீர்மூழ்கித் தளபதி, தலைமையகத்தில் பணியாற்றியவர், எக்கின் பயணத்துக்கு முன் அந்தக் கடற்பகுதியின் ஆபத்துகளை அவருக்கு எடுத்துச்சொன்னவர். ஆபத்து எவ்வளவு பெரியது என்று நிரூபிக்கத்தான் அவரை அழைத்தார்கள். குறுக்கு விசாரணையில் அவரிடம் நேரடியாகக் கேட்டார்கள்: நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எக் செய்ததைத் தான் செய்திருக்க மாட்டேன் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. எக் நிதானம் இழந்துவிட்டார் என்பது அவருடைய விளக்கம். ஜெர்மன் கடற்படைக்குள்ளேயே, அதே ஆபத்துகளை அனுபவித்த ஒருவர், பிரதிவாதியின் சாட்சிக் கூண்டில் நின்று இப்படிச் சொன்னார். தேவை, தேவை என்று எழுதும் கட்டுரையாளருக்கு ஷ்னே தெரியாதவர் அல்ல. அவருடைய வீரதீரங்களை வேறொரு பத்தியில் அவரே புகழ்ந்திருக்கிறார்.

இன்னொன்றையும் கட்டுரை விழுங்கிவிட்டது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நீர்மூழ்கிக்குள் ஆட்கள் மனம் உடைந்து கிடந்தார்கள். எக் ஒலிபெருக்கியில் அவர்களிடம் பேசினார். இரக்கம் அளவுக்கு மீறிப் போனால், விமானக் குண்டுவீச்சில் சாகும் நம் மனைவி மக்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். மரத்துண்டுகளையும் மிதவைகளையும் அழித்துவிட்டு வந்த ஆட்களுக்கு எதற்கு இந்தச் சமாதானம்? சிதைவுகளுக்காக யாரும் இரக்கப்படுவதில்லை. தன் ஆட்கள் எதைச் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று எக்குக்குத் தெரியும். ஹாம்பர்க்கில் பிறந்தவர் அவர்; 1943 கோடையில் அந்த ஊர் எரிந்த கதை அவருக்கு வெறும் செய்தி அல்ல. அந்த வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் ஹாம்பர்க்கில் குண்டு போட்டவன் பெலியஸில் கரி அள்ளியவன் அல்ல.

மேலிடத்து உத்தரவைப் பற்றிக் கட்டுரை ஒரே மூச்சில் இரண்டு விதமாகப் பேசுகிறது. ஓரிடத்தில், லக்கோனியா நிகழ்வுக்குப் பிறகு கடற்படைத் தலைமையே இரக்கத்துக்குத் தடை விதித்துவிட்டது, எக் அதன் கைதி என்கிறார். இன்னோரிடத்தில், எக் யார் மேலும் பழி போடாமல் எல்லாப் பொறுப்பையும் தானே ஏற்ற பெருந்தகை என்கிறார். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. எக் சொன்னது தெளிவானது: பிழைத்தவர்களைக் கொல்லும்படி தனக்கு உத்தரவு எதுவும் வரவில்லை, தானே எடுத்த முடிவு. அப்படியென்றால் உத்தரவின் நிழலில் அவரை நிறுத்தக் கட்டுரையாளருக்கு என்ன உரிமை? அவர் வாக்குமூலத்தை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதைக் காலால் எற்றுகிறார்.

லக்கோனியாவை அவர் இழுத்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1942 செப்டம்பர் 12 அன்று யு-156இன் தளபதி வெர்னர் ஹார்டென்ஸ்டைன் லக்கோனியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை இதே தென் அட்லாண்டிக்கில் மூழ்கடித்தார். அதில் ஆயிரக்கணக்கான உயிர்கள்; பெரும்பாலோர் இத்தாலியப் போர்க்கைதிகள். ஹார்டென்ஸ்டைன் அவர்களைத் தன் நீர்மூழ்கியின் மேல்தளத்தில் ஏற்றினார், உயிர்காப்புப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்தார், செஞ்சிலுவைக் கொடியை விரித்தார், உதவிக்கு வருகிறவரைத் தாக்க மாட்டேன் என்று வெளிப்படையாக ஆங்கிலத்தில் வானொலிச் செய்தி அனுப்பினார். செப்டம்பர் 16 அன்று அசென்ஷனிலிருந்து வந்த அமெரிக்க விமானம் அந்த நிலையிலேயே அவர்மேல் குண்டு வீசியது. அது வெட்கக்கேடான செயல். அதைச் செய்தவர்களை யாரும் விசாரிக்கவில்லை என்று கட்டுரையாளர் கோபப்படுவதில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அதன் பிறகு நீர்மூழ்கிப் படையின் தலைவர் டோனிட்ஸ் பிறப்பித்த உத்தரவு, மூழ்கிய கப்பலில் பிழைத்தவர்களைக் காப்பாற்றும் முயற்சியை நிறுத்தச் சொன்னது. கடுமையான உத்தரவு, மழுப்பலான உத்தரவு. நூரெம்பர்க் தீர்ப்பும் அதை வன்மையாகக் கண்டித்தது. ஆனால் பிழைத்தவர்களைக் கொல்ல டோனிட்ஸ் வேண்டுமென்றே உத்தரவிட்டார் என்பது நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. காப்பாற்றாதே என்பதற்கும் தேடிப் பிடித்துக் கொல் என்பதற்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது. ஹார்டென்ஸ்டைனுக்குக் குண்டு விழுந்தது உண்மை. குண்டு விழுந்த பிறகும் அவர் படகுகளில் இருந்தவர்கள் மேல் துப்பாக்கியைத் திருப்பவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது ஹார்டென்ஸ்டைனுக்கும் செய்யும் அநீதி. அவர் 1943 மார்ச்சில் யு-156உடனும் அதிலிருந்த அத்தனை பேருடனும் கடலுக்குள் போனார். அவரைக் காட்டி எக்கை நியாயப்படுத்துவதற்கு அவர் உயிரோடு இருந்தால் சம்மதிப்பாரா?

வென்றவர்களின் நீதி என்ற குற்றச்சாட்டு கட்டுரையில் அடிக்கடி வருகிறது. ஹாம்பர்க்கில் 1945 அக்டோபர் 17 முதல் 20 வரை நான்கே நாளில் விசாரணை முடிந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளோடு கிரேக்கக் கடற்படை அதிகாரிகளும் நீதிமன்றத்தில் உட்கார்ந்தார்கள். தயாராவதற்குப் பிரதிவாதி வழக்கறிஞர்கள் அவகாசம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. உயிர் போகும் வழக்கில் அது குறைதான், கட்டுரையாளர் அதைச் சுட்டிக்காட்டியது சரி. ஆனால் கூடுதலாக ஒரு மாதம் கொடுத்திருந்தால் எந்த உண்மை மாறியிருக்கும்? சுட்டதை எக் மறுக்கவில்லை. ஐந்து மணி நேரம் அங்கே இருந்ததை மறுக்கவில்லை. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ஆகுஸ்ட் ஹோஃப்மனும் மற்றவர்களும் ஆயுதத்தைத் தொட்டதை மறுக்கவில்லை. வழக்கின் அடிப்படை உண்மைகள் குற்றவாளிகளின் வாயிலிருந்தே வந்தவை.

அந்த நீதிமன்றம் பயன்படுத்திய சட்டமும் வெற்றிக்குப் பிறகு பிரிட்டிஷார் தங்களுக்கு வசதியாகச் செய்துகொண்டது இல்லை. 1918 ஜூனில் யு-86 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி லாண்டோவரி கேஸில் என்ற மருத்துவமனைக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, பிழைத்தவர்களின் படகுகள்மேல் சுட்டது. 1921இல் லைப்சிக் நகரில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், ஜெர்மன் நீதிபதிகளைக் கொண்டு, யு-86இன் அதிகாரிகள் இருவருக்குத் தண்டனை கொடுத்தது. சட்டவிரோதம் என்று எவருக்கும் பளிச்சென்று தெரியும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது தப்பிக்க வழியாகாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஹாம்பர்க்கில் எடுத்துக்காட்டப்பட்ட முன்னுதாரணம் இது. ஒரு ஜெர்மன் தீர்ப்பு. எக் கடற்படையில் சேர்வதற்குப் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டது.

அந்த இரண்டு அதிகாரிகளும் சிறையில் இருந்து தப்பிவிட்டார்கள். யு-86இன் தளபதி ஹெல்முட் பாட்சிக் நீதிமன்றத்துக்கே வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் அவரை மீண்டும் கடற்படைக்கு அழைத்து, நீர்மூழ்கிப் பயிற்சிப் பிரிவு ஒன்றின் தலைவராக்கினார்கள். படகில் இருந்தவர்களைச் சுட்டவர் அடுத்த தலைமுறைத் தளபதிகளைப் பழக்குகிறார். வென்றவர்களின் நீதியைப் பற்றி இவ்வளவு எழுதிய கட்டுரையாளர், தோற்றவர்கள் தங்கள் கையில் நீதி இருந்தபோது அதை என்ன செய்தார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் இதே குற்றத்தைச் செய்தார்களே என்கிறார். செய்தார்கள். 1941 ஜூலையில் கிரேக்கக் கடலில் டார்பே நீர்மூழ்கியின் தளபதி அந்தோனி மையர்ஸ், ரப்பர்ப் படகில் தப்பிக்கொண்டிருந்த ஜெர்மன் வீரர்களைச் சுடவைத்தார். அவருக்குப் பிற்பாடு வேறொரு தாக்குதலுக்காக விக்டோரியா கிராஸ் கிடைத்தது, விசாரணை நடக்கவே இல்லை. 1943 ஜனவரியில் நியூகினிக்கு வடக்கே அமெரிக்காவின் வாஹூ நீர்மூழ்கி புயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்து, படகுகளில் இருந்தவர்கள் மேல் சுட்டது. அந்தக் கப்பலில் ஜப்பானியரின் போர்க்கைதிகளாக இருந்தவர்கள் பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்த இந்திய வீரர்கள். அந்தச் சம்பவத்தில் 195 இந்தியர்கள் இறந்தார்கள். வாஹூவின் தளபதி டட்லி மார்ட்டனுக்குப் பதக்கம்தான் கிடைத்தது.

இந்த இருவரையும் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் கட்டுரையாளர் வந்து சேரும் முடிவு அதுவல்ல. மையர்ஸும் மார்ட்டனும் தப்பினார்கள், எனவே எக்கையும் விட்டிருக்க வேண்டும் என்கிறார். கெஃபாலாஸின் சாவுக்கு யாரோ ஒரு பிரிட்டிஷ் அதிகாரி தப்பித்தது எப்படிப் பரிகாரம்? கிரேக்க மாலுமி டார்பேயிலும் இல்லை, வாஹூவிலும் இல்லை. அவன் உயிருக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது என்பதைத்தான் இந்த வாதம் கடைசியில் கேட்கிறது. புயோ மாருவில் செத்த இந்தியர்களுக்காக உண்மையாகவே வருந்துகிறவர், பெலியஸில் செத்தவர்களின் சாவைச் சிதைவு அழிப்பு என்று எழுதவே மாட்டார்.

உடன் தண்டிக்கப்பட்டவர்களில் இருவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். கட்டுரை அவர்களை அப்பாவிகளின் கூட்டத்தில் சேர்த்திருக்கிறது.

வால்டர் வைஸ்ஃபெனிக் கப்பல் மருத்துவர். போரில் மருத்துவன் சண்டைக்காரன் அல்ல என்பது எல்லா நாட்டுக் கடற்படையும் ஒப்புக்கொண்ட நெறி. அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பே அதனால்தான். தளபதி சொன்னார் என்று அவர் இயந்திரத் துப்பாக்கியை எடுத்து மிதவைகள் மேல் சுட்டார். அவருக்குக் கீழ்ப்படிதலைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று எழுத எப்படி மனம் வந்தது? காயம்பட்டவனைத் தொட்டுப் பார்ப்பதற்காகப் படித்த கை அது.

தலைமைப் பொறியாளர் ஹான்ஸ் லென்ஸின் கதை இன்னும் கசப்பானது. உத்தரவைக் கேட்டவுடன் எக்கிடம் நேராகப் போய், இதற்கு நான் உடன்படவில்லை என்று சொன்னவர் அவர். அதற்குப் பிறகு மேல்தளத்துக்குப் போனபோது வொல்ஃப்காங் ஷ்வெண்டர் என்ற மாலுமி சுட்டுக்கொண்டிருந்தான். லென்ஸ் அவன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கித் தானே சுட்டார். ஷ்வெண்டரைப் போன்ற ஒருவனின் கையால் அவர்கள் சாகக் கூடாது என்று நினைத்தேன் என்பது நீதிமன்றத்தில் அவர் கொடுத்த விளக்கம். தவறு என்று தெரிந்து, தவறு என்று சொல்லிவிட்டு, பிறகு அதைச் செய்த மனிதர். கட்டுரையாளர் லென்ஸின் எதிர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் விசையை அழுத்தியதை விட்டுவிட்டார். அந்த எதிர்ப்புதான் எக்கின் மேலான குற்றச்சாட்டை வலுவாக்குகிறது. முதல் காவல் அதிகாரி கெர்ஹார்ட் கோல்டிட்ஸும் எதிர்த்தார். ஆக, எக்குக்கு அருகில் இருந்த இரண்டு அதிகாரிகள் அந்தக் கணத்திலேயே இது வேண்டாம் என்றார்கள். யோசிக்க நேரமில்லாமல் எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது.

நீர்மூழ்கியின் முடிவைக் கட்டுரையாளர் காவியமாக்கியிருக்கிறார். நடந்தது இதுதான். மே 2 விடியலில், சோமாலியக் கரையோரம், ஏடன் பகுதியிலிருந்து இயங்கிய 621ஆம் பிரிவின் வெலிங்டன் விமானம் ஒன்று யு-852ஐக் கடல்மேல் கண்டு ஆழ்நீர் வெடிகுண்டுகளைப் போட்டது. முங்கிய நீர்மூழ்கி தாக்குப்பிடிக்க முடியாமல் மேலே வந்தது. உள்ளே மின்கலங்களிலிருந்து குளோரின் வாயு கசிந்தது. அடுத்தடுத்து வந்த விமானங்களைச் சுட்டுக்கொண்டே கரையை நோக்கி ஓடினார்கள். மே 3 அன்று ராஸ் ஹாஃபூனுக்குத் தெற்கே தரைதட்டியது. வெடிவைத்தார்கள், அரைகுறையாகத்தான் தகர்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். கரையேறியவர்களைக் கடற்படைக் குழுவும் சோமாலிலாந்து ஒட்டகப் படையும் பிடித்தன.

கடைசி இரண்டு நாளில் அந்த ஆட்கள் காட்டிய துணிச்சலை நான் மறுக்கவில்லை. இறந்த ஏழு பேரில் கோல்டிட்ஸும் ஒருவர். எதிர்த்தவர், சாட்சி சொல்ல உயிரோடு இல்லாமல் போனவர். அவருக்காக யாரும் வருந்தலாம். ஆனால் நீர்மூழ்கியை இழந்தது எக்கின் குற்றத்தைக் கழுவும் நீராகாது. இன்னொரு விஷயமும் உண்டு. பெலியஸ் மூழ்கிய தேதியும் இடமும் எழுதப்பட்ட போர் நாட்குறிப்பை எக் அழிக்காமல் விட்டுவிட்டார். அது பிரிட்டிஷார் கையில் கிடைத்தது. லியோசிஸும் மற்ற இருவரும் எந்த நீர்மூழ்கியைப் பற்றிச் சொன்னார்கள் என்பது அப்படித்தான் உறுதியானது. தடயம் இருக்கக் கூடாது என்று ஐந்து மணி நேரம் மனிதர்களைச் சுட்டவர், தன் கையால் எழுதிய தடயத்தை விட்டுவிட்டுக் கரையேறினார்.

நம் வாசகர்களிடம் ஜெர்மன் நீர்மூழ்கி என்றாலே ஒரு மரியாதை இருப்பதைக் கட்டுரையாளர் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார். 1943இல் நேதாஜியை யு-180 கீலிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து, மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாற்றிவிட்டது. மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த ஆயிரக்கணக்கான தமிழர்களின் வாழ்க்கை அந்தப் பயணத்தோடு பின்னியிருக்கிறது. என் குடும்பத்திலும் ஐஎன்ஏவில் சேர்ந்தவர்கள் உண்டு. நேதாஜியைக் கொண்டுவந்தவர்களின் தோழர்கள் என்று எழுதி, அந்த நன்றியை எக்குக்கு மாற்றிக் கொடுக்கிறது கட்டுரை. நேதாஜியின் பெயரை மிதவையில் கிடந்த கிரேக்கக் கூலிகளின் பிணங்களுக்கு மேல் போர்த்துவதை நான் அவமானமாக உணர்கிறேன். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர் யாரும் பிரிட்டிஷாருக்கு எதிராக நடந்த ஒவ்வொரு கொலைக்கும் வக்காலத்து வாங்கக் கடமைப்பட்டவர் இல்லை.

எக், ஹோஃப்மன், வைஸ்ஃபெனிக் மூவரும் 1945 நவம்பர் 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மரண தண்டனையை எதிர்க்கிறவன் என்ற முறையில் அது எனக்கு உவப்பல்ல. லென்ஸுக்கு ஆயுள், ஷ்வெண்டருக்கு 15 வருஷம் என்று தண்டனை விதித்தார்கள். 1952க்குள் இருவரும் விடுதலையாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த இருவரும் சிறையிலேயே மடிந்ததுபோன்ற தொனியில் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது.

இதழாசிரியருக்கு என் கோரிக்கை நேரடியானது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மார்ச் 13 இரவு யு-852 சுட்டது மிதவைகளில் இருந்த மனிதர்களை என்றும், அவர்கள் இருப்பது தளபதிக்குத் தெரியும் என்றும், மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை என்று அவரே சொன்னார் என்றும், லென்ஸும் ஷ்வெண்டரும் விடுதலையானார்கள் என்றும் அதில் இருக்கட்டும். அகிஸ் கெஃபாலாஸ், அந்தோனியோஸ் லியோசிஸ், திமித்ரியோஸ் அர்கிரோஸ், ரோக்கோ சையித் என்ற நான்கு பெயர்களையும் எக்கின் பெயர் அச்சான அதே அளவு எழுத்தில் போடுங்கள். கட்டுரையாளர் இதற்கு மறுப்பு எழுதுவதானால், ஷ்னேயின் சாட்சியத்துக்கும் டஹோமியனுக்கும் முதலில் பதில் சொல்லட்டும்.